பிரவுசரின் பெயரைக் கேட்டு வாசலை அடைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை, அப்டேட் செய்துவிட்டு வாருங்கள்" என்ற பக்கம் சில இணையதளங்களில் வருவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். படிவம் நிரப்ப வந்தவரும் கட்டணம் கட்ட வந்தவரும் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவரும் அதோடு திரும்ப வேண்டியதுதான். தளத்தை எழுதியவர் யோசித்து வைத்த தடையாகவும் இது இருப்பதில்லை. அவர் பயன்படுத்திய ஃப்ரேம்வொர்க் (தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு), புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே அந்த வரியையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிரவுசர் எது, எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்கும் வேலை ஃப்ரேம்வொர்க்கின் உள்ளே இருக்க வேண்டுமா என்பது நிரலாளர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயமாக இருந்துவருகிறது. பெங்களூரில் எழுதப்படும் மென்பொருளை நாடு முழுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இதைப் பொதுவில் பேச வேண்டும். அந்த வேலை ஃப்ரேம்வொர்க்கின் உள்ளே இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் வந்த 7.2 பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கும் செயலியின் அப்ளிகேஷன் கன்ட்ரோலர் என்ற அடிப்படைக் கோப்பில் 'அலவ் பிரவுசர்' என்ற வரி 'மாடர்ன்' என்ற அளவுகோலோடு சேர்ந்தே வருகிறது. ஏபிஐ மட்டும் தரும் (பக்கம் காட்டாமல் பிற நிரல்களுக்குத் தரவு மட்டும் அனுப்பும்) செயலிகளுக்கு இது கிடையாது, மற்றவற்றுக்கெல்லாம் உண்டு. 'மாடர்ன்' என்றால் குரோம் 120, சஃபாரி 17.2, பயர்பாக்ஸ் 121, ஓபரா 106. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அனுமதியே இல்லை. இவற்றுக்குக் குறைந்த எண்ணோடு வருபவருக்கு 406 என்ற பதில் குறியீடும், பப்ளிக் ஃபோல்டரில் கிடக்கும் ஓர் ஆங்கிலப் பக்கமும் போகும். கேட்ட பக்கத்தைத் தயாரிக்கும் நிரல் ஓடவே ஓடாது.

இந்த எண்கள் யாரை வெளியே நிறுத்துகின்றன என்று பாருங்கள். விண்டோஸ் 7, 8.1 இரண்டிலும் குரோம் 109-உடன் நின்றுவிட்டது, அதற்கு மேல் அப்டேட் கிடையாது. அதே கணினிகளில் பயர்பாக்ஸ் 115-ஆம் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தாண்டாது. ஆண்ட்ராய்டு 7 உள்ள போனில் குரோம் 119 கடைசி. ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் இரண்டும் ஐஓஎஸ் 16-உடன் நின்றுவிட்டதால் சஃபாரி 17 அவற்றுக்கு எட்டாது, ஐபோனில் சஃபாரி தனியாக அப்டேட் ஆவதும் இல்லை. "அப்டேட் செய்யுங்கள்" என்று இவர்களிடம் சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. பெங்களூரின் எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் சொல்வது ஒன்றுதான்: புது மெஷின் வாங்கு.

சரி, பழைய பிரவுசரில் பக்கம் உடைந்து போகும் என்பதால்தானே தடுக்கிறார்கள்? அந்த வரிக்கு மேலேயே ரெயில்ஸ் காரணத்தைக் குறிப்பாக எழுதித் தருகிறது: வெப்பி படங்கள், வெப் புஷ், பேட்ஜ், இம்போர்ட் மேப் (ஸ்கிரிப்ட் கோப்புகள் எங்கே என்று சொல்லும் பட்டியல்), சிஎஸ்எஸ் நெஸ்டிங் (பக்கத்தின் தோற்ற விதிகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதுவது), சிஎஸ்எஸ் 'ஹேஸ்' (உள்ளே இருப்பதைப் பார்த்து வெளிப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது). இவற்றில் புஷ்ஷும் பேட்ஜும் அறிவிப்பு சம்பந்தப்பட்டவை, ஒரு படிவத்தைத் திறக்க இரண்டும் வேண்டாம். மீதி நான்கும் குரோமில் எப்போது வந்தன? வெப்பி பல வருடம் பழையது. இம்போர்ட் மேப் 89-இல் வந்தது, 'ஹேஸ்' 105-இல், நெஸ்டிங் 112-இல். அதாவது வெளியே நிறுத்தப்படும் குரோம் 119-இல் நான்குமே இருக்கின்றன. 120-இல் கூடுதலாக வந்தது ஒரு சின்னத் தளர்வு: உள்ளே எழுதும் விதி ஒரு டேக்கின் பெயரில் தொடங்கினால் முன்னால் 'ஆம்பர்சண்ட்' குறி போட வேண்டியதில்லை. சஃபாரியிலும் இதே கதைதான். நெஸ்டிங் 16.5-இலேயே உண்டு, தளர்வு 17.2-இல் வந்தது. ஒரு குறியை விட்டுவிட்டு எழுதும் வசதிக்காக ஆண்ட்ராய்டு 7 போன்கள் முழுவதையும் குரோமோடு சேர்த்து வெளியே தள்ளுகிறோம். விண்டோஸ் 7-இன் குரோம் 109-இல் நெஸ்டிங் ஒன்றுதான் இல்லை. அதை போஸ்ட்சிஎஸ்எஸ் போன்ற கருவி பில்டு நேரத்திலேயே (தளத்தைத் தயாரிக்கும்போதே) சாதாரண விதிகளாக விரித்துக் கொடுத்துவிடும். பயனருக்கு எந்தச் சிரமமும் இல்லை.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. பட்டியலில் பெயர் இல்லாத பிரவுசரும், யூசர்-ஏஜென்ட் தலைப்பையே (ஒவ்வொரு கோரிக்கையோடும் பிரவுசர் தன் பெயரையும் எண்ணையும் சொல்லும் வரி) அனுப்பாத நிரலும் தடையின்றி உள்ளே போகலாம் என்று ரெயில்ஸின் ஆவணமே சொல்கிறது. ஆக, தன் பெயரையும் எண்ணையும் ஒளிக்காமல் சொன்னவர்தான் நிறுத்தப்படுகிறார்.

யூசர்-ஏஜென்ட் வரியின் நம்பகத்தன்மையைச் சற்றுக் கிட்டே பார்ப்போம். விண்டோஸில் ஓடும் எட்ஜ் அனுப்பும் வரி இது: "மொஸில்லா/5.0 (விண்டோஸ் என்டி 10.0; வின்64; எக்ஸ்64) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்/120.0.0.0 சஃபாரி/537.36 எட்ஜ்/120.0.0.0". ஒரே வரியில் இத்தனை பெயர். 'மொஸில்லா' என்பது நெட்ஸ்கேப் காலத்து அடையாளம். அந்தப் பெயர் இருந்தால்தான் ஃப்ரேம் உள்ள பக்கத்தைத் தருவேன் என்று அன்றைய தளங்கள் பிடிவாதம் பிடித்ததால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதைப் போட்டுக்கொண்டது, பிறகு வந்த எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். 'லைக் கெக்கோ' (பயர்பாக்ஸின் எஞ்சினான கெக்கோ போன்றது) என்பதும் அதே காரணத்துக்காக ஒட்டிக்கொண்டது. குரோம் 2008-இல் வந்தபோது சஃபாரியின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2020-இல் குரோமின் அடிப்படையான குரோமியத்துக்கு மாறியபோது, பழைய எட்ஜுக்காகத் தளங்களில் எழுதியிருந்த விதிகளில் புதியது சிக்கிக்கொள்ளக் கூடாது என்று ஆங்கிலப் பெயரின் கடைசி 'இ' எழுத்தை வெட்டிவிட்டது. 'என்டி 10.0' என்பது விண்டோஸ் 10 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம், வரி அதைச் சொல்லாது. விவால்டி என்ற பிரவுசர் 2019 இறுதியில் தன் பெயரைச் சொல்வதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டு குரோம் என்றே சொல்லத் தொடங்கியது. பெயரைச் சொன்னால் தளங்கள் தடுக்கின்றன என்பதே காரணம்.

எண்ணும் ஏமாற்றும். 2009-இல் ஓபரா 10 வரவிருந்தபோது, பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை 'ஓபரா 1' என்று எடுத்துக்கொண்டன. அதனால் ஓபரா 9.80 என்ற எண்ணையே முன்னால் வைத்துக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் எழுதியது. 2022-இல் குரோமும் பயர்பாக்ஸும் 100-ஐத் தொட்டபோது மூன்று இலக்கத்துக்கும் இதே பயம் வந்து, முன்கூட்டியே சோதனை செய்ய வேண்டியிருந்தது.

இப்போது வரியில் உள்ள விவரங்களையே உறைய வைத்துவிட்டார்கள். குரோம் 101 முதல் உட்பதிப்பு எண்கள் பூஜ்யம்தான். 110 முதல் எந்த ஆண்ட்ராய்டு போனாக இருந்தாலும் 'ஆண்ட்ராய்டு 10; கே' என்றே போகும். மேக்கில் இயங்குதள எண் 10.15.7-லேயே நிற்கிறது. ஐபேட் 2019-இலிருந்து தன்னை மேக் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஐபோன் குரோமின் வரியில் 'குரோம்' என்ற சொல் இருக்காது, 'சிஆர்ஐஓஎஸ்' என்று இருக்கும், உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட். மாற்றாகச் சொல்லப்படும் கிளையன்ட் ஹின்ட்ஸ் (பிரவுசர் தன் விவரங்களைத் தனித்தனித் தலைப்புகளில் அனுப்பும் முறை) குரோமியம் வகைப் பிரவுசர்களில் மட்டும், எச்டிடிபிஎஸ் இருந்தால் மட்டும் கிடைக்கும். நுணுக்கமான விவரங்களை சர்வர் கேட்ட பிறகுதான் அனுப்பும், முதல் கோரிக்கையில் வராது. பயர்பாக்ஸும் சஃபாரியும் இதை ஏற்கவே இல்லை.

இத்தனையையும் ஒரு ஃப்ரேம்வொர்க்கின் மையத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அதன் 2.0, 4 பதிப்புகளில் 'டாட் பிரவுசர்' என்ற கோப்புகள் உண்டு. எந்தப் பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் உண்டு, எதற்குக் குக்கி (பயனரை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் வைக்கும் சிறு தரவு) உண்டு என்று அவற்றில் எழுதி வைத்திருந்தார்கள். பதிப்பு எண்களுக்கு ஒரு வரம்பு இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 வந்தபோது அது வரம்புக்குள் அடங்கவில்லை. உடனே ஃப்ரேம்வொர்க் அதை 'தெரியாத பிரவுசர்' என்று முடிவு செய்து, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத பழங்காலத்துப் பிரவுசருக்குத் தரும் எச்டிஎம்எல்லைத் தந்தது. பக்கத்தை சர்வருக்குத் திருப்பி அனுப்பும் போஸ்ட்பேக் ஃபங்ஷன் அதில் எழுதப்படவே இல்லை, அதை நம்பியிருந்த லிங்க்குகளை அழுத்தினால் ஸ்கிரிப்ட் பிழை வந்தது. அதைவிட ஆபத்தானது லாகின். குக்கி கிடையாது என்று நினைத்துக்கொண்டு, ஃபார்ம்ஸ் ஆதென்டிகேஷன் என்ற அதன் லாகின் பகுதி, லாகின் டிக்கெட்டை முகவரியின் உள்ளேயே செருகியது. அந்த முகவரியை யாருக்காவது அனுப்பினால் லாகினும் சேர்ந்து போகும். புதிய பிரவுசரில் குறை எதுவும் இல்லை. செயலியை எழுதியவரும் எதையும் மாற்றவில்லை. ஃப்ரேம்வொர்க்கின் பட்டியல் பழசானது ஒன்றுதான் காரணம், சரிசெய்ய சர்வர் சர்வராக ஹாட்ஃபிக்ஸ் போட வேண்டியிருந்தது. பிறகு வந்த ஏஎஸ்பி டாட் நெட் கோரில் அந்த வசதியே இல்லை.

ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பும் இதே பாதையில்தான் வந்தது. அதன் 'பிரவுசர்' பண்பை 2009-இல் 1.3 பதிப்பிலேயே கைவிடச் சொன்னார்கள், 2013-இல் 1.9-இல் நீக்கினார்கள். அதை நம்பியிருந்த பிளக்-இன்கள் வரிசையாக விழுந்தன, மைக்ரேட் என்ற தனிக் கோப்பைச் சேர்த்தால்தான் எழுந்தன. இன்றும் கோட்இக்னைட்டர் என்ற ஃப்ரேம்வொர்க்கில் யூசர்-ஏஜென்ட் பட்டியல் உள்ளேயே வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள் என்று அந்தக் கோப்பிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. எட்ஜின் வரியில் குரோமும் சஃபாரியும் இருப்பதால் எதை முதலில் தேடுகிறோமோ அதுவே விடையாகிவிடும்.

அடிப்படைச் சிக்கல் காலம் சார்ந்தது. குரோம் 2021 செப்டம்பரிலேயே நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற வேகத்துக்கு மாறிவிட்டது. ஆனால் ஓர் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் ஃப்ரேம்வொர்க்கைத் தொடவே அஞ்சுவார்கள். வருடக்கணக்கில் அதே பதிப்பு ஓடும், கூடவே அதன் உள்ளே இருக்கும் பட்டியலும். அதனால்தான் ஃப்ரேம்வொர்க்கோடு அது சேர்ந்து வரக் கூடாது என்கிறேன். வேண்டியவர் தனிப் பேக்கேஜாக எடுத்துக்கொள்ளட்டும், அதை ஃப்ரேம்வொர்க்கைத் தொடாமலே அப்டேட் செய்யலாம். ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க் இதில் அளவோடு நிற்கிறது. தடுக்க வேண்டிய யூசர்-ஏஜென்ட் வடிவங்களை நாமே எழுத ஒரு செட்டிங் உண்டு, அதற்கு மேல் அது எதையும் ஊகிப்பதில்லை. போதும்.

பிரவுசரைக் கண்டறியவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழைப் பதிவில் யூசர்-ஏஜென்ட் அவசியம். டவுன்லோடு பக்கத்தில் விண்டோஸா மேக்கா என்று பார்த்து ஒரு பட்டனை முன்னால் வைப்பது நல்ல உதவி, ஊகம் தவறினாலும் அடுத்த பட்டன் பக்கத்திலேயே இருக்கும். கூகுள் லாகின், வேறொரு செயலிக்குள்ளேயே திறக்கும் பிரவுசரான வெப்வியூவில் வேலை செய்யாது. அங்கே வரியில் 'டபிள்யூவி' என்ற குறியைப் பார்த்து "குரோமில் திறக்கவும்" என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

கண்டறிதலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் மிக வலுவான வாதம் சேம்சைட் குக்கி. பிற தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்பதைச் சொல்லும் குறி சேம்சைட். 2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்தபோது, பிற தளத்திலிருந்து திரும்பி வரும் கோரிக்கையோடு குக்கியும் வர வேண்டுமானால் 'சேம்சைட் நன், செக்யூர்' என்று குறித்தாக வேண்டும் என்றானது. பேமென்ட் கேட்வேயிலிருந்து போஸ்ட் முறையில் திரும்பும் பயனரின் செஷன் அப்போதுதான் பிழைக்கும். ஆனால் ஐஓஎஸ் 12-ம் மேக் 10.14-இன் சஃபாரியும் 'நன்' என்பதை 'ஸ்டிரிக்ட்' என்றே புரிந்துகொண்டன. குரோம் 51 முதல் 66 வரை அந்தக் குக்கியையே தூக்கி எறிந்தன. பணம் போய்விடும், திரும்பி வந்தால் லாகின் பக்கம் நிற்கும். குக்கி சர்வரிலிருந்து போவதால் ஸ்கிரிப்ட் வைத்துச் சோதிக்கவும் முடியாது. இங்கும் பெயர் பார்க்காத வழி ஒன்று உண்டு. ஒரே மதிப்பை இரண்டு குக்கிகளாக அனுப்ப வேண்டும், ஒன்று 'சேம்சைட் நன்' குறியோடு, இன்னொன்று சேம்சைட் பண்பே இல்லாமல். படிக்கும்போது முதலில் புதியதைத் தேடி, இல்லையென்றால் பழையதை எடுத்துக்கொள்ளலாம். தலைப்பின் அளவு கொஞ்சம் கூடும். அதை ஏற்க முடியாத இடத்தில் பெயர் பார்க்கலாம், ஆனால் எண்ணுக்கு மேல்வரம்பு வைத்துத்தான்: '51 முதல் 66 வரை' என்று. '51-க்கு மேல்' என்று எழுதினால் சரியான பிரவுசர்களும் என்றென்றைக்கும் தவறாக நடத்தப்படும். தெரியாத பெயர் வந்தால் அதைப் புதிய, நல்ல பிரவுசர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏஎஸ்பி டாட் நெட் செய்தது இதற்கு நேர் எதிர்.

மற்ற எல்லாவற்றுக்கும் வசதி இருக்கிறதா என்று நேராகச் சோதிப்பதே சரி. சிஎஸ்எஸ்ஸில் 'சப்போர்ட்ஸ்' விதி உண்டு, ஜாவாஸ்கிரிப்டில் அந்த ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று ஒரு 'இஃப்' போதும். சோதனையும் சில இடங்களில் வழுக்கும் என்பதை மறைக்கக் கூடாது. ஃபிளெக்ஸ் என்ற பக்க அமைப்பில் இடைவெளி விடும் 'கேப்' வேலை செய்யுமா என்று 'சப்போர்ட்ஸ்' விதியிடம் கேட்டால், சஃபாரி 14.1-க்கு முந்தையவையும் ஆம் என்றே சொல்லும். கிரிட் என்ற வேறோர் அமைப்பில் அதே பெயர் பண்பு வேலை செய்வதால் வரும் குழப்பம் அது. அதற்கு அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரு டிவ், ஃபிளெக்ஸ், நெடுக்குத் திசை, 'ரோ-கேப்' 1 பிக்சல், உள்ளே இரண்டு காலி டிவ். பக்கத்தில் சேர்த்து 'ஸ்க்ரோல் ஹைட்' பார்த்தால் 1 வந்தால் வசதி உண்டு, 0 வந்தால் இல்லை. பார்த்ததும் நீக்கிவிடலாம். பெயர்ப் பட்டியல் போல இந்தச் சோதனை பழசாகாது.

பில்டு நேரத்தில், எந்தப் பிரவுசர்களுக்காக நிரலைத் தயாரிக்க வேண்டும் என்று சொல்லும் பிரவுசர்ஸ்லிஸ்ட் கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். உலகப் பயன்பாட்டை வைத்து எழுதிய இலக்கு இந்தியாவுக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை. நாட்டுக் குறியீடு சேர்த்து, இந்தியாவில் அரை சதவீதத்துக்கு மேல் உள்ளவை என்று கேட்கும் வசதி அதிலேயே இருக்கிறது. ஓபரா மினி அதில் வரவில்லையென்றால் தனியாகச் சேர்க்கலாம். ஜியோபோனின் இயங்குதளமான காய்ஓஎஸ் 2.5-இல் ஓடுவது பயர்பாக்ஸ் 48-இன் எஞ்சின். புதிய ஸ்கிரிப்ட் அதில் ஓடாதுதான், ஆனால் ஃபார்ம் டேக்கும் சப்மிட் பட்டனும் அதிலும் வேலை செய்யும். படிவத்தை ஸ்கிரிப்ட் இல்லாமலும் அனுப்பும்படி எழுதி, அதன் மேல் மற்ற வசதிகளைச் சேர்த்தால் அவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

சர்வரில் பெயர் பார்த்துப் பக்கத்தை மாற்றுபவர்கள் கேஷையும் (தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்து மீண்டும் தருவது) நினைவில் வைக்க வேண்டும். பக்கம் எதைப் பொறுத்து மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் 'வேரி' தலைப்பில் யூசர்-ஏஜென்ட் போடாவிட்டால் மொபைலுக்குத் தயாரான பக்கம் கணினிக்குப் போகும். போட்டால் ஒவ்வொரு வரி வேறுபாட்டுக்கும் ஒரு பிரதி சேர்ந்து, சிடிஎன் (பக்கங்களைப் பல ஊர்களில் வைத்துத் தரும் சேவை) கேஷ் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும்.

ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ரெயில்ஸில் வேலை செய்யும் தமிழ் நண்பர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது: அப்ளிகேஷன் கன்ட்ரோலரைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் லாகில் 406 பதில்களைத் தனியாக எடுத்து, எந்தப் பக்கத்தில், எந்தப் பதிப்புக்குப் போயிருக்கிறது என்று கணக்கெடுங்கள். குரோமின் டெவலப்பர் டூல்ஸில் 'நெட்வொர்க் கண்டிஷன்ஸ்' பகுதியில் யூசர்-ஏஜென்ட்டை 109 என்றும் 119 என்றும் மாற்றி, பயனர் எதைப் பார்க்கிறார் என்று நீங்களே பாருங்கள். பிறகு வரியை நீக்கிவிட்டு, உண்மையான குரோம் 109 உள்ள ஒரு கணினியில் படிவத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்பிப் பாருங்கள். எது உடைகிறதோ அதை மட்டும் சரிசெய்யுங்கள். நீக்க மேலிடம் சம்மதிக்காவிட்டால், லாகின், படிவம், கட்டணம் ஆகிய பக்கங்களையாவது விலக்கிவிடுங்கள், 'ஒன்லி', 'எக்செப்ட்' இரண்டையும் அந்த வரி ஏற்கும். தடுப்புக்குப் பதிலாகப் பக்கத்தின் மேலே ஒரு எச்சரிக்கைப் பட்டை வைக்கலாம். அதற்கான பிளாக்கையும் அதிலேயே கொடுக்கலாம். 406 பக்கம் இருந்தே ஆக வேண்டுமென்றால் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, வேறு எப்படி விண்ணப்பிக்கலாம், எந்த எண்ணில் அழைக்கலாம் என்பதையும் அதில் போடுங்கள்.

இப்படிக்கு,
இணைய மென்பொருள் துறையில் பணியாற்றும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு